வெறுந்தரைத் தொட்டியும் ஓடுற தண்ணியும்

கண்ணாடித் தொட்டிக்குள்ள உயிரோட பவளம் வளர்க்கிறவங்களுக்குள்ள ஒரு பழைய சண்டை உண்டு. தொட்டியோட தரையில மணல் போடணுமா, இல்ல வெறும் கண்ணாடியாவே விட்டுடணுமா? ரெண்டு கட்சிக்காரங்களும் வருஷக்கணக்கா பக்கம் பக்கமா எழுதித் தள்ளியிருக்காங்க. மணல் கட்சி, "கடலடியில மணல்தானே இருக்கு, கண்ணாடியா இருக்கு?"ன்னு கேட்கும். வெறுந்தரைக் கட்சி, "அந்த மணலுக்குள்ள என்ன அழுகிக் கிடக்குன்னு பார்த்தீங்களா?"ன்னு திருப்பிக் கேட்கும்.

இந்தச் சண்டையோட பழைய கதையைத் தோண்டிப் பார்த்ததுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். சண்டை மணலைப் பத்தினதே இல்லை. தொட்டிக்குள்ள தண்ணி எவ்வளவு வேகமா ஓடணும்ங்கிறதைப் பத்தினது. தரை அதுக்கப்புறம் வர்ற விஷயம்.

பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. கல்லுக்குள்ள உட்கார்ந்திருக்கிற விலங்கு. மீனுக்கு ஒரு மூலை பிடிக்கலைன்னா அடுத்த மூலைக்குப் போயிடும். பவளம் எங்கே போகும்? ஒட்டின இடத்துலயே இருந்தாகணும். சாப்பாடும் ஆக்ஸிஜனும் தண்ணிதான் கொண்டு வரணும், கழிவையும் தண்ணிதான் அள்ளிக்கிட்டுப் போகணும். தண்ணி நின்னா அது கதை முடிஞ்சது. இந்தச் சின்ன உண்மை நமக்கு உறைக்கிறதுக்கு 150 வருஷம் ஆச்சு.

கதை 1846ல் ஆரம்பிக்கிறது. ஆனா தின் (இன் அல்ல, 'தின்'தான்) என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள டார்க்கி என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த சின்னச் சின்னக் கல் பவளங்களைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. லண்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஒன்றோடொன்று இடித்து உடையாமல் இருக்க, ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் வைத்துத் தைத்து, ஜாடிக்குள் கடல்நீரில் போட்டு எடுத்து வந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பொறுப்பில் இருந்த பாதிரியார். வீடு லண்டன் நடுவில். கடலோ எங்கேயோ.

ஜாடித் தண்ணி கெட்டுப் போகாம இருக்க என்ன செஞ்சாங்க தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னல் முன்னாடி நிக்க வெச்சு, தண்ணியை ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாத்தி மாத்தி ஊத்தச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி நேரம். நம்ம ஊரு டீ மாஸ்டர் டீ ஆத்துறாரே, அதேதான். டீ ஆறுறதுக்குப் பதிலா கடல் தண்ணிக்குக் காத்து ஏறிச்சு. அந்தப் பவளங்கள் வருஷக்கணக்கா பிழைச்சது மட்டுமில்லை, குட்டியும் போட்டுது. ஆனா தின் இதையெல்லாம் 1859ல் ஒரு அறிவியல் இதழில் எழுதினார்.

ஆக, பவளத் தொட்டி வரலாற்றின் முதல் பம்பு ஒரு பெண்ணின் ரெண்டு கை. தொட்டி வரலாற்றில் ஆனா தின் பெயர் இருக்கு, அந்தப் பெண்ணின் பெயரைக் காணோம். (வரலாறு பெரும்பாலும் இப்படித்தான்னு நீங்க சொல்றது கேட்குது.)

இதுக்கு அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1850 வாக்கில் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், தொட்டியில் செடியும் மீனும் நத்தையும் சரியான அளவில் இருந்தால் தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று காட்டினார். செடி ஆக்ஸிஜன் தரும், நத்தை அழுக்கைத் தின்னும், எல்லாம் சமநிலை. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்காட்சி அரங்கம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட, இங்கிலாந்து முழுக்க வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் பைத்தியம் பிடித்தது. சமநிலை இருக்கும்போது எதுக்குத் தண்ணியைக் கலக்கணும்? ஆத்துற கை நின்னு போச்சு. கடல் பிராணிகளை வாங்கி வெச்ச வீடுகள்ல கொஞ்ச நாள்லயே நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுது. மோகமும் சீக்கிரமே வடிஞ்சு போச்சு.

அந்தச் சமயத்தில் தண்ணீர் ஓடியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இருட்டான நீர்த்தேக்கம் ஒன்று. அதிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தொட்டிகள் வழியாக ஓடவிட்டு மறுபடி கீழே இறக்குவது. இதுதான் அவருடைய ஏற்பாடு. 1864ல் திறந்த ஹாம்பர்க் மீன்காட்சியகத்திலும் 1871ல் திறந்த லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்திலும் இதைச் செய்து காட்டினார். 1874ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் திறந்த கடலாய்வு நிலைய மீன்காட்சியகத்துக்கும் இவர்தான் ஆலோசனை சொன்னார். இன்னிக்கு வீட்டுத் தொட்டிக்கு அடியில அலமாரிக்குள்ள 'சம்ப்'னு ஒரு ரெண்டாவது தொட்டி வைக்கிறோமே, அதுக்குத் தாத்தா லாயிடோட இருட்டுத் தேக்கம்தான்.

இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவுவோம். நடுவுல மணல் கட்சிக்கு நல்ல காலம் வந்தது. தரையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதுக்கு மேல மணலோ பொடிக்கல்லோ, ஏர் பம்பு வெச்சு மணல் வழியா தண்ணியைக் கீழே இழுக்கிறது. மணல்ல குடியிருக்கிற பாக்டீரியா மீன் கழிவோட விஷத்தை முறிச்சுடும். மீனுக்கு இது அருமையான ஏற்பாடு. பவளத்துக்கு? மணல் இழுத்துப் பிடிச்ச கசடு எல்லாம் அங்கேயே தங்கி அழுகி, தண்ணியில நைட்ரேட்டா ஏறிக்கிட்டே போகும். அதனால அந்தக் காலத்துத் தொட்டிகள்ல பவளம்னா செத்து, வெளுத்து, காயவெச்ச வெள்ளை எலும்புக்கூடுதான். அழகுக்காக.

அதே காலத்துல ஜகார்த்தாவிலிருந்து ஒருத்தர் வேற மாதிரி எழுதினார். லீ சின் எங். 1961ல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அவர் கட்டுரை வந்தது. கடலிலிருந்து உயிரினங்கள் ஒட்டியிருக்கிற பாறைகளை அப்படியே எடுத்துத் தொட்டியில் வைப்பது, நல்ல வெயில், ஏர் பம்பிலிருந்து கொப்புளம். ஃபில்டர் எதுவும் கிடையாது. பவளம் உயிரோடு இருந்தது! கொப்புளம் மேலே ஏறும்போது கூடவே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். தொட்டி முழுக்க மெதுவான ஒரு சுழற்சி. படிச்சவங்க பாறையைக் கவனிச்சாங்க, வெயிலைக் கவனிச்சாங்க. கொப்புளத்தை அவ்வளவா கண்டுக்கலை.

பாறையையும் ஓட்டத்தையும் ஒண்ணா சேர்த்துப் பிடிச்சது ஜெர்மன்காரங்க. சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் 1973ல் கடல் தொட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களை வளர்ப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பவளம் எலும்பு கட்ட கால்சியம் வேணுமே, அதுக்கு அவர் சொன்ன வழி சுண்ணாம்புத் தெளிநீர். 1980களில் பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர், அதுவரை தொட்டியில் தங்காது என்று எல்லோரும் கைவிட்டிருந்த கிளைப் பவளமான அக்ரோபோராவை வளர்த்துக் காட்டினார். அவர் தொட்டியிலிருந்து ஒடித்த கிளைகள் கைமாறிக் கைமாறிப் பல ஊர்த் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முருங்கைக் கிளையை ஒடிச்சு அடுத்த வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி.

'பெர்லின் முறை'ன்னு பேர் வாங்கின இந்த ஏற்பாட்டுல நாலு சாமான்: உயிர்ப்பாறை, பிரகாசமான விளக்கு, ஸ்கிம்மர், வலுவான நீரோட்டம். ஸ்கிம்மர்ங்கிறது தண்ணிக்குள்ள பொடிப்பொடியா காத்துக் குமிழி விடுற குழாய். குமிழியில புரத அழுக்கு ஒட்டிக்கிட்டு நுரையா மேலே வந்து ஒரு கிண்ணத்துல வழியும். வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையை எடுத்து வெளியே போடுவோமில்ல, அது மாதிரி. அழுகின பிறகு முறிக்கிறதை விட, அழுகறதுக்கு முன்னாடியே வெளியே தள்ளிடறதுங்கிறதுதான் இங்கே தத்துவம். ஆனா ஸ்கிம்மர் வரைக்கும் கசடு வந்து சேரணும். தரையில படிஞ்சிடக் கூடாது. அதனால தரையில மணலே போடலை, போட்டாலும் பேருக்குத்தான். வெறுந்தரை ஒரு அலங்காரமா பிறக்கலை. ஓட்டத்துக்கு வழிவிட்ட இடமாத்தான் பிறந்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு இரண்டு பேர் வேறு வழியில் அலை உண்டாக்கப் பார்த்தார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, 1980ல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பவளப்பாறைத் தொட்டியைக் காட்சிக்கு வைத்தார். மேலே ஒரு வாளி. தண்ணீர் நிரம்பியதும் பாரம் தாங்காமல் தானாகக் கவிழும். கவிழ்ந்த தண்ணீர் பாசி வளர்க்கும் சல்லடை மீது பாய்ந்து, தொட்டிக்குள் அலையாக இறங்கும். சாதாரண பம்பின் விசிறி மிதவை உயிரினங்களை அரைத்துக் கொன்றுவிடும் என்பது அவருடைய கவலை.

இன்னொருவர் ஹவாயில் வைகீகி மீன்காட்சியகத்தின் புரூஸ் கார்ல்சன். அவர் பெயரிலேயே 'கார்ல்சன் சர்ஜ்' என்று ஒரு கருவி உண்டு. உயரத்தில் ஒரு டிரம், அதற்குள் கவிழ்த்துப் போட்ட 'யு' வடிவக் குழாய். டிரம் நிரம்பிக் குழாயின் வளைவைத் தாண்டினதும் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும். காலியானதும் காற்று புகுந்து நின்றுவிடும், மறுபடி நிரம்பத் தொடங்கும். டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்கின அனுபவம் உள்ளவங்களுக்கு இது உடனே புரியும். நகர்ற பாகம் ஒண்ணு கூடக் கிடையாது, ஆனா அசல் அலை.

இப்படி ஓட்டத்துக்கு நல்ல காலம் பிறந்த நேரத்துல மறுபடியும் மணல் ஜெயிச்சுது. 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர், தடித்த மணல் படுகைக்கு அடியில் கொஞ்சம் நின்ற தண்ணீரை விட்டுவைத்து, ஆக்ஸிஜன் குறைந்த அந்த அடுக்கில் பாக்டீரியாக்களே நைட்ரேட்டைக் காற்றாக்கி வெளியேற்றும்படி செய்தார். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் ரான் ஷிமெக், நாலு அங்குலத்துக்கு மேல் பொடி மணலும் அதற்குள் புழுக்களும் பூச்சிகளும் என்று 'ஆழ்மணல் படுகை'யைப் பரப்பினார். அறிவியல் சரியானதுதான். சதுப்பு நிலத்துச் சேற்றில் நடக்கிற வேலைதான் அது.

சிக்கல் எங்கே வந்ததுன்னா, பொடி மணல் இருக்கிற தொட்டியில பம்பை வேகமா வைக்க முடியாது. வெச்சா மணல் புயல்தான். ஒரு மூலையில தரை தெரியும், இன்னொரு மூலையில மணல் மேடு பவளத்தை மூடும். ஆக மணல்காரர் என்ன செய்வார்? பம்பைக் குறைப்பார். பம்பைக் குறைச்சா கசடு படியும். படியற கசடை மணல்ல இருக்கிற புழு தின்னணும். புழு தின்னு தீர்க்கிறதை விட அதிகமா விழுந்தா? பல வருஷம் நல்லா ஓடின தொட்டி திடீர்னு படுத்துடுதுங்கிற புலம்பல் 2000களின் தொடக்கத்துல எங்கே பார்த்தாலும் கேட்டுது. மணல் ஒரு குப்பைக்கிடங்கு, பாஸ்பேட்டைச் சேர்த்து வெச்சு ஒரு நாள் திருப்பித் தருதுன்னு ஒரு கட்சி கிளம்பிச்சு. அப்பதான் வெறுந்தரை மறுபடி வந்தது. கண்ணாடி மேல பாறை விழுந்தா உடைஞ்சிடுமேன்னு வெள்ளை பாலிஎத்திலீன் பலகையை வெட்டி அடியில போட்டாங்க. அடுப்படியில காய் நறுக்குற வெள்ளைப் பலகை இருக்கே, அதே சாதி.

அதே நேரத்தில் ஜெர்மனியின் டுன்சே நிறுவனம் புது மாதிரிப் பம்பை இறக்கியது. பழைய பம்பு சின்ன மூக்கு வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சும். தோட்டத்துக் குழாயை விரலால் அழுத்திப் பிடித்த மாதிரி. எதிரே இருக்கிற பவளத்தின் தோலையே உரித்துவிடும், நாலு விரல் தள்ளி இருப்பதற்கு ஒன்றும் போய்ச் சேராது. புதுப் பம்பு மேசை மின்விசிறி மாதிரி. அகலமான இறக்கை, மிதமான வேகம், நிறையத் தண்ணீர், அதே மின்சாரம். சில வருடங்களில் மோட்டாரைத் தொட்டிக்கு வெளியே வைத்து, கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற இறக்கையைக் காந்தத்தால் சுழற்றும் பம்புகளும் வந்தன. அதுவரைக்கும் மணிக்குத் தொட்டி அளவைப் போல 10 மடங்கு தண்ணி ஓடினாலே பெரிசுன்னு இருந்தவங்க, 40 மடங்கு, 50 மடங்குன்னு பேச ஆரம்பிச்சாங்க. 400 லிட்டர் தொட்டியில 50 மடங்குன்னா மணிக்கு 20,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணி லாரி!

இவ்வளவு ஓட்டம் எதுக்கு? இதுக்குப் பதில் ஆய்வுக்கூடத்துல இருந்து வந்தது. எந்தப் பொருளின் மேல் தண்ணீர் ஓடினாலும் அதை ஒட்டி, கிட்டத்தட்ட அசையாமல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். லூட்விக் பிராண்டில் 1904லேயே இதைச் சொல்லிவிட்டார், விமானம் கட்டுபவர்களுக்கு இது பாலபாடம். பவளத்தைச் சுற்றியும் இந்தப் படலம் உண்டு. பவளத்துக்குள் வேண்டியது போவதும் வேண்டாதது வருவதும் இதைக் கடந்துதான். 1993ல் ஷாஷர், கோஹன், லோயா என்ற மூன்று இஸ்ரேல் ஆய்வாளர்கள் மிக நுண்ணிய ஊசி முனையால் அந்தப் படலத்துக்குள் ஆக்ஸிஜனை அளந்தார்கள். பகலில், பவளத்துக்குள் இருக்கிற பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால், ஆக்ஸிஜன் மிதமிஞ்சி நிற்கிறது. இரவில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. சுத்தமான கடலுக்கு நடுவுலயே பவளம் தினமும் மூச்சுத் திணறலை ஓட்டிக்கிட்டிருக்கு. ஓட்டம் கூடினா படலம் மெலியும். அவ்வளவுதான் ரகசியம்.

1998ல் உலகம் முழுக்கக் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. ஜப்பானின் ஒகினாவாவில் நகமுராவும் வான் வூசிக்கும் 2001ல் வெளியிட்ட ஆய்வு, நீரோட்டம் வேகமாக இருந்த இடங்களில் பவளம் பிழைத்ததற்கு அந்த ஓட்டமும் ஒரு காரணம் என்றது. சூட்டில் பாசி கக்குகிற நச்சு ஆக்ஸிஜனை ஓட்டம் அடித்துப் போய்விடுகிறது என்பது அவர்களின் விளக்கம். 2014ல் இன்னொரு ஆச்சரியம். பவளம் தன் உடம்பின் மேலிருக்கிற நுண்மயிர்களை அசைத்துத் தன்னைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சுழல்களை உண்டாக்குகிறது என்று ஷாபிரோ குழுவினர் படம் பிடித்தே காட்டினார்கள். ஓட்டம் இல்லைன்னா அதுவே ஆத்திக்குது பாருங்க!

இதையெல்லாம் வெச்சுப் பார்த்தா வெறுந்தரைத் தொட்டியில செய்ய வேண்டியது ரொம்ப எளிமையானது. பாறையைத் தரை மேல குவிக்காம, ரெண்டு மூணு காலில் தூக்கி நிறுத்தணும். அடியில தண்ணி போக வழி வேணும். பம்பை நேரா பவளத்துக்குக் குறி வைக்காம, தண்ணி மொத்தமும் மேலே ஒரு பக்கமா போய், தரையைப் பெருக்கிக்கிட்டுத் திரும்பி வர்ற மாதிரி நீளவாக்குல சுழல விடணும். திசையை அப்பப்ப மாத்தணும், கடல்ல அலை போய் வர்ற மாதிரி. எப்படியும் ஒரு மூலையில கசடு சேரும். அது குறை இல்லை, வசதி! கண்ணுக்குத் தெரியற குப்பையை வாரம் ஒரு தடவை குழாய் போட்டு உறிஞ்சிடலாம். மணல்ல இது கண்ணுக்கே தெரியாது.

எந்த இடத்துல ஓட்டம் எவ்வளவுன்னு அளக்கக் கருவி வேணாம். 1971ல் மேக்ஸ்வெல் டோட்டி சொன்ன வழி இருக்கு. ஒரே அளவுல பிளாஸ்டர் கட்டிகள் வார்த்து, எடை போட்டு, வெவ்வேற இடத்துல வெச்சு, ஒரு நாள் கழிச்சு எடுத்துக் காயவெச்சு மறுபடி எடை போடணும். ஓட்டம் அதிகமான இடத்துல அதிகமா கரைஞ்சிருக்கும்.

மணல் கட்சிக்கும் நியாயம் இருக்குங்கிறதைச் சொல்லாம விட்டா பாவம். ராத்திரி மணலுக்குள்ள புதைஞ்சு தூங்கற மீன்கள் உண்டு. சதைப்பிடிப்பான பவளங்கள்ல பலதும் அமைதியான தண்ணியிலதான் விரியும். கடல்லயே பவளத்திட்டுக்குப் பின்னாடி இருக்கிற காயல் பக்கம் மணல் இருக்கு, அலை மோதுற முன்முகட்டுல மணல் தங்கறதே இல்லை. தொட்டிக்குள்ள எந்த இடத்துக் கடலைக் கொண்டு வர்றோம்னு முடிவு பண்ணிட்டா தரையை ஓட்டமே முடிவு பண்ணிடும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு மன்னார் வளைகுடாவுல கிளை ஒடிக்க யாரும் கிளம்பிடாதீங்க. நம்ம நாட்டுல பாறை கட்டும் பவளங்கள் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில இருக்கு, புலிக்குப் பக்கத்துல.

வெளிநாட்டுல வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு. ஃபில்டர் ஒரு நாள் நின்னாலும் தொட்டி தாங்கிடலாம், விளக்கு ரெண்டு நாள் எரியலைன்னாலும் தாங்கிடலாம். நீரோட்டம் நின்னா சில மணி நேரம்தான். அதனால கரண்ட் போனா முதல்ல காப்பாத்த வேண்டியது பம்பை. பேட்டரி ஒண்ணு தயாரா இருக்கட்டும். அதுவும் இல்லைன்னா ஒரு சொம்பை எடுத்துக்கிட்டுத் தொட்டி பக்கத்துல உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊத்துங்க. 1846ல் அந்தப் பேர் தெரியாத பொண்ணு செஞ்சது இன்னிக்கும் வேலை செய்யும்.